ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோடி முதல் பழவேற்காடு வரை நம் கரையில் இன்று அதிகம் கண்ணில் படுவது ஃபைபர் படகுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை ஏராளம். இரண்டு பேரோ ஐந்து பேரோ ஏறி, விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்புகிற, அல்லது ஓர் இரவு கடலில் கிடந்துவிட்டு வருகிற படகுகளை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள். நாள்கணக்கில் தங்கல் போகும் விசைப்படகுகளுக்கு இது போதாது.

கையில் பணம் குறைவு. பாதுகாப்புக்கு என்று முதலில் எதை வாங்குவது?

உடம்பை மிதக்க வைப்பது முதலில். நீங்கள் இருக்கும் இடத்தை அடுத்தவருக்குக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது. அதாவது ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். அப்புறம் ஒரு நல்ல டார்ச், விசில், முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்குப் பிறகு விஎச்எஃப் வாக்கி, அதாவது கடலில் பேச உதவும் கை ரேடியோ. மீன் கிடக்கும் இடத்தைக் காட்டும் எக்கோ சவுண்டருக்குக் கடன் வாங்கத் தயங்காத நாம், நம்மைக் காட்டும் சாமானுக்குத்தான் அடுத்த சீசன் பார்க்கலாம் என்கிறோம்.

எஞ்சின் நின்றுபோவது, படகில் தண்ணீர் ஏறுவது, ஆள் தவறி விழுவது ஆகிய மூன்றும் சின்னப் படகில் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்காவது தெரிந்தால் மூன்றையும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். தெரியாவிட்டால் சின்னக் கோளாறுகூட ஆளைக் கொன்றுவிடும்.

கரையில் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

இதற்குக் காசு செலவில்லை. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

படகில் வராத ஒரே ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். மனைவியோ தம்பியோ ஏலக்கூடத்தில் இருக்கும் ஆளோ, யாராக இருந்தாலும் சரி. அவரிடம் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: படகில் இருப்பவர்களின் பெயர்கள், படகின் பதிவு எண்ணும் நிறமும், எந்தத் திசையில் எத்தனை பாக ஆழத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், கடைசியாக எத்தனை மணி வரை பொறுத்துவிட்டு உதவி கேட்க வேண்டும்.

அந்தக் கடைசி மணிதான் முக்கியம். "வந்துருவாங்க, மீன் பாடு நல்லா இருந்திருக்கும்" என்று கரையில் இருப்பவர்கள் ராத்திரி முழுக்கத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டிருப்பார்கள். காற்றே இல்லாமல் நீவாடு (கடல் நீரோட்டம்) மட்டும் ஒரு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஒரு கடல் மைல் இழுத்தாலும், நின்றுபோன படகு ஒரு நாளில் 24 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் தேட வேண்டிய பரப்பு பெருகும். ஆகவே "மாலை 4 மணிக்கு வருவேன், 7 மணி ஆனால் கூப்பிடு" என்று மணியை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

கூப்பிட வேண்டிய எண்கள்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. இவற்றோடு உங்கள் ஊர் மீன்துறை அலுவலக எண்ணையும் செல்போனில் மட்டும் வைக்காமல் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

திட்டம் மாறினால்? மீன் இல்லை என்று இன்னும் தெற்கே போகிறீர்கள் என்றால், சிக்னல் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், கரையில் உங்களை வடக்கே தேடிக்கொண்டிருப்பார்கள்.

வானம் பளிச்சென்று இருக்கிறது. அறிக்கை எல்லாம் பார்த்துத்தான் ஆக வேண்டுமா?

ஆம். வானத்தைப் பார்த்தால் காற்று தெரியும், மழை தெரியும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தென்கோடிப் பெருங்கடலில் கிளம்பி வரும் நீண்ட அலை தெரியாது. அதைத்தான் கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்கிறார்கள். இங்கே காற்றே இருக்காது, வெயில் அடிக்கும், கடல் மட்டும் கரைமேல் ஏறும். 2024 மே மாதத்தில் நாகர்கோவில் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது அப்படி எச்சரிக்கை விடப்பட்டிருந்த ஒரு நாளில்தான்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை. இன்னொன்று, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் கடல்நிலை முன்னறிவிப்பு. அவர்களுடைய சமுத்ரா செயலியிலும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியிலும் இது கிடைக்கும். மீன்துறையின் தூண்டில் செயலியையும் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். "அலை உயரம் 2 மீட்டர்" என்றால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருள் இல்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு அலை ஒன்று வந்தே தீரும். அதேபோல "45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்றால், நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது 65-ஐ.

ஒன்றாம் எண் புயல் கூண்டுதானே ஏற்றியிருக்கிறார்கள், போகலாமா?

கூடாது. துறைமுகத்துக்கு ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்வதற்கான எண்கள் அவை. ஒன்றாம் எண் கூண்டின் பொருள், தொலைவில் கடலுக்குள் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்குப் பாதிப்பில்லை என்பது. நீங்கள் துறைமுகத்துக்குள் இருக்கப் போவதில்லையே! தொலைவில் கடலுக்குள் என்று சொல்கிற பக்கம்தான் போகிறீர்கள். எண் சின்னதாக இருப்பதைப் பார்த்து வலையை ஏற்றுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

செல்போன் இருக்கிறதே. வேறு கருவி எதற்கு?

கரையோரக் கோபுரத்தைப் பொறுத்து 10 முதல் 15 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைக்கலாம். அதற்கு அப்பால் போன் வெறும் டார்ச். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை வருமுன்னே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்த குமரி மாவட்டப் படகுகளுக்குச் சேதி சொல்லக் கரையில் இருந்தவர்களுக்கு வழி இருக்கவில்லை. தப்பியவர்களில் பலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் போய் ஒதுங்கினார்கள்.

ஆனாலும் போனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கோபுர சிக்னல் இல்லாவிட்டாலும் அதிலுள்ள ஜிபிஎஸ் வேலை செய்யும். தண்ணீர் புகாத உறையில் போட்டு, சார்ஜ் ஏற்றிய பவர்பேங்க் ஒன்றையும் சேர்த்துக் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் பெட்டியில் வைத்த போன், படகு கவிழ்ந்தால் படகோடு போகும்.

விஎச்எஃப் வாக்கியில் எப்படி உதவி கேட்பது?

16-ஆம் சேனல். கடலோரக் காவல்படையும் கப்பல்களும் காதில் வைத்திருக்கும் சேனல் அது. அதில் அரட்டை அடிக்காதீர்கள், பாட்டுப் போடாதீர்கள். நிஜமாகவே ஒருவன் மூழ்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் பாட்டு அவன் குரலை அடைக்கும்.

பட்டனை அழுத்தி "மேடே, மேடே, மேடே" என்று மூன்று முறை. பிறகு படகின் பெயர் மூன்று முறை. பிறகு இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். பட்டனை விட்டுவிட்டுக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் திரும்பச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, எண்களை மட்டும் ஒவ்வொன்றாக, நிதானமாக.

கையில் பிடிக்கும் 5 வாட் வாக்கி படகுக்குப் படகு ஏறத்தாழ 5 கடல் மைல்தான் எட்டும். ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். உட்கார்ந்து பேசாமல் எழுந்து நின்று பேசினாலே கொஞ்சம் கூடும்.

டாட் கருவி என்கிறார்களே, அது என்ன?

இஸ்ரோ உருவாக்கி 2010 முதல் புழக்கத்தில் இருக்கும் அபாய அறிவிப்புக் கருவி. பட்டனை அழுத்தினால் உங்கள் இடமும், என்ன வகை ஆபத்து என்பதும் செயற்கைக்கோள் வழியாகப் போய், கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்தைச் சேரும். கோபுரம் தேவையில்லை. பழைய கருவியில் ஒரு குறை இருந்தது: அழுத்தியவனுக்கு, சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் "கிடைத்துவிட்டது" என்று பதில் வரும்; புயல் எச்சரிக்கையையும் கரையிலிருந்து அனுப்ப முடியும். கடலில் பதில் வராமல் காத்திருப்பவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு தெம்பு என்று சொல்லத் தேவையில்லை. மானியத்தில் கிடைக்குமா என்று உங்கள் மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் படகுகளில் பொருத்தும் மத்திய அரசுத் திட்டமும் நடந்துவருகிறது.

வாங்கிய பிறகு பேட்டரி காலாவதித் தேதியைப் பாருங்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள்.

ஜிபிஎஸ்ஸில் புள்ளி (இருக்கும் இடத்தைக் காட்டும் எண்) சொல்வதில் என்ன தவறு வரும்?

பெரிய தவறு வரும். ஒரு கருவி டிகிரியும் மினிட்டுமாகக் காட்டும், இன்னொன்று டிகிரியைப் புள்ளி வைத்துக் காட்டும். திருச்செந்தூருக்கு நேர் கிழக்கே நிற்கும் படகு "எட்டு, முப்பது" என்று சொல்கிறது. அது 8 டிகிரி 30 மினிட். கரையில் கேட்டவர் போனில் 8.30 என்று தட்டுகிறார். அந்த இடம் 12 கடல் மைல் தெற்கே, உவரிப் பக்கம் போய்விடும். ஏனென்றால் 30 மினிட் என்பது அரை டிகிரி, 8.5. தேடப் போகிறவர்கள் 22 கிலோமீட்டர் தள்ளித் தேடுவார்கள். "டிகிரி", "மினிட்" என்ற சொற்களை வாயால் சொல்லிப் பழகுங்கள். கரையில் பொறுப்பாக இருப்பவருக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள்.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழில் செய்பவர்கள், இலங்கையுடனான 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக் கோட்டைக் கருவியில் ஏற்றி, அதற்கு முன்பே அலாரம் அடிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நின்ற படகை நீவாடு கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டாலும், பிடிப்பவர்கள் கேட்பது புள்ளியைத்தான்.

படகில் எதை எல்லாம் பார்க்க வேண்டும்?

ஈரம் காய்ந்த பிறகு, வெயில் வெளிச்சத்தில், அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகத்தின் மேல்பூச்சு தேய்ந்து நார் தெரிகிறதா? தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஊறத் தொடங்கிவிட்டது. நட்சத்திர வடிவில் விரிந்த மெல்லிய விரிசல் என்றால் அங்கே எதிலோ மோதியிருக்கிறது; உள்பக்கமும் பாருங்கள்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும். ஃபைபருக்கு நடுவே மரம் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அந்த மரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது. ஒரு நாணயத்தாலோ ஸ்பேனர் பிடியாலோ வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே உளுப்பு. எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகை அசைந்தால் அன்றைக்குத் தொழில் வேண்டாம். ஓடும்போது பலகை பெயர்ந்தால் எஞ்சினும் போகும், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் வரும்.

மிதவை அறைகள் அடுத்தது. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் வைத்திருப்பவை அவைதான். சாமான் வைக்க இடம் போதவில்லை என்று அறையை அறுத்துத் திறந்த படகுகளைப் பார்த்திருக்கிறேன். மூடி இருந்தால் ரப்பர் வாசர் சரியா என்று பாருங்கள்; உள்ளே தண்ணீர் குலுங்கினால் அது மிதவை அல்ல, சுமை.

தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பானுக்கு ஒரு மாற்று, கயிற்றில் கட்டி. இறைக்க வாளி இரண்டு. ஆறு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத் தளத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 600 கிலோ. அதுவும் நிலையாக நிற்காமல் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடும் 600 கிலோ. "கொஞ்சம்தானே" என்று விடாமல் அவ்வப்போது இறைத்துவிடுங்கள்.

படகின் அடிப்பகுதிக்கு ஆரஞ்சு நிறம் அடிக்கச் சொல்வேன். கவிழ்ந்த நீல நிறப் படகு கடலில் மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாது.

எஞ்சினில் என்ன பார்க்கணும்?

அவுட்போர்டு என்றால்: ஸ்டார்ட் செய்ததும் பக்கவாட்டில் தண்ணீர் பீச்சுகிறதா? இல்லையென்றால் தண்ணீரை இழுக்கும் இம்பெல்லர் போயிருக்கும் அல்லது மணல் அடைத்திருக்கும்; சூடாகி நின்றுவிடும். கியர் ஆயில் வெண்மையாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பெரும்பாலும் காரணம் நம் வலைதான். அறுந்த நைலான் நூல் விசிறித் தண்டில் சுற்றி சீலை அறுத்துவிடும். விசிறியைக் கழற்றிப் பார்த்தால் நூல் உருண்டையாகக் கிடக்கும். பெட்ரோல் குழாயை வளைத்துப் பாருங்கள், விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். எஞ்சினைப் பலகையோடு ஒரு கயிற்றாலும் கட்டிவைக்க வேண்டும்.

ஓட்டுகிறவர் கையில் மாட்டும் சிவப்புக் கயிறு, கில் சுவிட்ச், பல படகுகளில் எஞ்சினிலேயே நிரந்தரமாக மாட்டிக் கிடக்கும். ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சின் நிற்பதற்காக வைத்தது அது. ஓட்டுகிறவர் விழுந்து, எஞ்சின் நிற்காமல் படகு வட்டமடித்து அவர் மேலேயே ஏறுவது வெறும் கதையல்ல.

நீளவால் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் சுற்றும் தண்டைக் கவனியுங்கள். தொங்கும் கைலி, துண்டு, வலை நுனி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. அரைக்கால் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

கூடவே எடுத்துப் போக: ஸ்பார்க் பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், ஷியர் பின், ஸ்டார்ட்டர் கயிறு, ஃபில்டர், ஹோஸ் கிளிப், குறடு, ஸ்குரூ டிரைவர், டேப், கட்டுக்கம்பி. எல்லாம் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், கிரீஸ் தடவி. இருட்டில், படகு ஆடும்போது பிளக் மாற்றத் தெரிந்தவர் படகில் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். தெரிந்த ஒருவரே விழுந்துவிட்டால் டப்பாவால் பயனில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்குத் தனியாக ஏதாவது?

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த முறை கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். கலப்பட எண்ணெய் கிடைத்தால் வடிகட்டாமல் ஊற்றாதீர்கள்.

எரிபொருள் எவ்வளவு எடுத்துப் போவது?

மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. மீன் கிடைக்கவில்லை என்று அந்த மூன்றாவது பங்கில் கைவைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அதைத் தனிக் கேனில் ஊற்றி, மூடியைக் கம்பியால் கட்டிவிட்டால், கொஞ்சமாவது யோசிப்பீர்கள்.

உங்கள் எஞ்சின் மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்பதை நீங்களே அளந்து பாருங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, வழக்கமான சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி விளிம்பு வரை ஊற்றுங்கள். ஊற்றியதுதான் கணக்கு. வாடைக்கு எதிராக வரும்போது இது எகிறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேன் நிரப்புவதைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு பீடி போதும்.

அப்பா லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. வெயிலில் புழுங்கும், வலை இழுக்கும்போது கண்ணி மாட்டும், கை தூக்க வராது. "நான் பிறந்ததே கடல்ல, எனக்கு நீச்சல் சொல்லித் தர்றியா?" என்பார். நீச்சல் தெரிந்தவர்தான் மண்டையில் பலகை அடித்து மயங்கி விழுகிறார் என்பதை வாதாடி ஜெயிக்க முடியாது.

ஆகவே வாதாடாமல் சாமானை மாற்றுங்கள். பருத்த கப்பல் ஜாக்கெட்டுக்குப் பதில், தோளில் துணி குறைவாக, இடுப்போடு ஒட்டி நிற்கும் வேலை ஜாக்கெட் வாங்கிக்கொடுங்கள். வலை இழுக்கும் நேரம் விட்டாலும் பரவாயில்லை, அலைவாய் (கரையருகே அலை உடையும் இடம்) தாண்டும்போது, இரவில், எஞ்சின் ஓட்டும்போது, காற்று ஏறும்போது போடட்டும். முக்கியமாக மகன்கள் முதலில் போடுங்கள். அம்மாவையும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். சில வீடுகளில் அது ஒன்றுதான் வேலை செய்யும்.

வாங்கும்போது விசிலும், டார்ச் வெளிச்சத்தில் மின்னும் பட்டையும் இருக்க வேண்டும். மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி புரட்டிப்போட 150 நியூட்டன் மிதப்பு தேவை; வேலை ஜாக்கெட்டுக்கு அந்தத் திறன் இருக்காது என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பளவு தண்ணீரில் போட்டு மிதந்து பாருங்கள். ஜாக்கெட்டைத் தலையணையாக்கிப் படுத்தால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி வீணாகும்.

வலையையும் தூண்டிலையும் எப்படி ஏற்றுவது?

கனமானது அடியில், நடுவில். மிதவைக் கயிறும் ஈயக் கயிறும் பின்னாமல் தனித்தனியே மடித்து வையுங்கள். வலை பாய்ந்து போகும்போது கயிற்று வளையத்துக்குள் யார் காலும் இருக்கக் கூடாது. ஆள் கடலுக்குள் போவது பெரும்பாலும் அப்படித்தான். மோதிரம், கைக்கயிறு கழற்றிவிடுங்கள். அணியத்தில் (படகின் முன்முனையில்) ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கத்திகள் உறையோடு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இருட்டில் தடவினால் கைக்குக் கிடைக்க வேண்டும்.

ஒரே கயிற்றில் நிறைய முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டில் என்றால் முட்களைத் தொட்டி விளிம்பில் தெர்மோகோலிலோ ரப்பரிலோ வரிசையாகக் குத்திவையுங்கள்.

வரும்போதுதான் கணக்குத் தப்பும். நனைந்த வலை போனபோது இருந்ததைவிடக் கனம். அதன்மேல் மீன், அதன்மேல் ஐஸ். பாடு பெரிதாக இருந்தால் கொஞ்சத்தைப் பக்கத்துப் படகுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், பங்கு பேசிக்கொள்ளலாம். விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லாமல் முகத்துவாரத்துக்கு வராதீர்கள்.

முகத்துவாரத்திலும் அலைவாயிலும் என்ன கவனம்?

ஆழ்கடலைவிட இங்கேதான் எனக்குப் பயம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் மேடிட்டுப் படகுகள் கவிழ்ந்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்பதைக் குமரிக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் இது இன்னும் மோசம்.

உள்ளே வருமுன் வெளியே நின்று சில நிமிடங்கள் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் ஒரு தணிவு இருக்கும். அந்தத் தணிவில், ஓர் அலையின் முதுகில், அதை முந்தாமல், பின்தங்காமல் வர வேண்டும். முந்தினால் அணியம் குத்திப் படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். ஆற்றுநீர் வெளியே பாய்கிற நேரத்தில் எதிர் அலை எழும்பி நிற்கும். முடிந்தால் கடல் ஏற்றத்தில், நீர் உள்ளே வரும் நேரத்தில் வாருங்கள். எல்லோரும் ஜாக்கெட் போட்டு, நடுவில் தாழ உட்கார்ந்து, தளர்ந்த கயிறு எதுவும் இல்லாமல். இருட்டிவிட்டது, அலை பெரிது என்றால் வெளியே நங்கூரம் போட்டு விடியும்வரை கிடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

எஞ்சின் நின்றுவிட்டால்?

முதலில் அணியத்தைக் காற்றுக்கு நேரே வையுங்கள். ஆழம் குறைவு என்றால் நங்கூரம். கயிறு ஆழத்தைப் போல் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேண்டும், நுனியில் கொஞ்சம் சங்கிலி இருந்தால் பிடிக்கும். ஆழம் அதிகம் என்றால் வலையின் ஒரு பகுதியையோ தார்ப்பாயையோ அணியத்தில் கட்டி இறக்கிவிடுங்கள். அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படகு குறுக்கே திரும்பாமல் பார்த்துக்கொள்ளும், ஓட்டத்தையும் குறைக்கும். பிறகு புள்ளியைக் குறித்து, சேதி சொல்லிவிட்டு, அதன்பிறகு எஞ்சினைத் திறங்கள். பலர் இந்த வரிசையை மாற்றி, நான்கு மணி நேரம் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு, சிக்னல் போன பிறகு போனை எடுக்கிறார்கள்.

துடுப்பு இரண்டு கட்டாயம். பழைய சின்னப் பாய் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

இரவில் விளக்கு போட்டால் மீன் கலையுமே?

கலையட்டும். ஃபைபர் படகு கப்பலின் ராடாரில் சரியாகத் தெரியாது. குமரிக்குத் தெற்கே கொழும்புப் பாதையில் வரும் கப்பலில் இருப்பவருக்கு உங்களைக் காட்டுவது விளக்கு மட்டும்தான். பெரிய படகுக்கே ஆபத்து உண்டு: 2018 ஆகஸ்டில் கேரளக் கடலில் குமரி மீனவர்கள் பலர் இருந்த விசைப்படகின் மேல் கப்பல் மோதி உயிர்கள் போயின. எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு உயரத்தில் எப்போதும் எரியட்டும். இழுவை அல்லாத வலை போட்டிருக்கும்போது மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்பது உலகம் முழுக்க உள்ள விதி. எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது.

சிவப்பு ஃபிளேர் எடுத்துப் போனால், காற்று போகும் பக்கமாகக் கையை நீட்டிப் பிடியுங்கள், படகுக்குள் பொறி விழாது. கப்பலோ விமானமோ கண்ணில் பட்ட பிறகே கொளுத்துங்கள். பொதுவாக மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும்.

தண்ணீர், சாப்பாடு?

ஒரு நாள் தொழிலுக்கு மூன்று நாள் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வையுங்கள், ஒரே கேனில் இல்லாமல் பிரித்து. உப்புத் தண்ணீரைக் குடித்தால் தாகம் கூடும், சாவு சீக்கிரம் வரும். அவல், பொரிகடலை, கடலைமிட்டாய் கெடாது. சாராயம் படகில் ஏறக் கூடாது. இதில் பேச்சே இல்லை.

முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

பஞ்சு, கட்டுத்துணி, டெட்டால், வலி மாத்திரை, உப்புச்சர்க்கரைப் பொட்டலம், சுகர், பிரஷர் உள்ளவர்களின் மாத்திரை. அதோடு ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். ஏன் என்றால் திருக்கை, கெளுத்தி முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கிவைத்தால் வலி நன்றாகக் குறையும். சூட்டை முதலில் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் கரைக்குத் திரும்புங்கள்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம், மணல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். கடல்பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. "ஒண்ணுமில்லை" என்று வலை இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். கடிபட்ட ஆளை அசையாமல் படுக்கவைத்து உடனே கரைக்கு வாருங்கள். நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து கடல்பாம்புக்கு ஆனதல்ல. மூச்சு தடைபட்டால் கருவி வைத்துக் காப்பாற்றும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

படகு கவிழ்ந்தால் நீந்திக் கரைக்கு வரலாமா?

கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் வேண்டாம். தூரம் ஏமாற்றும், நீவாடு இழுக்கும். படகைத் தேடி வருபவர்களுக்குப் படகு தெரியும், தலை தெரியாது. எல்லோரும் இருக்கிறார்களா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வலையிலிருந்து விலகுங்கள், முடிந்தால் கவிழ்ந்த படகின்மேல் ஏறுங்கள், மிதவைக் கயிற்றால் ஒருவரை ஒருவர் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

மீனவர் அடையாள அட்டை, ஆதார், படகுப் பதிவுச் சான்று, எஞ்சின் பில், மீன்துறை அனுமதிச்சீட்டு கேட்கும் இடங்களில் அது. மூலத்தைக் கரையில் வைத்துவிட்டு நகலை லேமினேட் செய்து எடுத்துப் போகலாமா என்று உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் உண்டு. சங்கத்தில் பெயர் இருக்கிறதா, வாரிசு பெயர் சரியா என்று பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கானது என்றாலும், மிதவை அறை, பின்பலகை போன்ற பெரிய வேலைகளை அந்த நாட்களில் எடுக்காதீர்கள். கைவேலைக்காரர்கள் எல்லாரும் விசைப்படகில் இருப்பார்கள், கூலியும் கூடும்.

திரும்பி வந்ததும் ஏதாவது செய்யணுமா?

எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். ஜாக்கெட்டை நிழலில் காயப்போடுங்கள். தீர்ந்தது, உடைந்தது எதுவோ அதை அன்றைக்கே வாங்கி டப்பாவில் போட்டுவிடுங்கள். அதிகாலை இரண்டு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.